பழுது பார்க்கும் தமிழ்

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, சேலையூரில் மொட்டைமாடி அறையொன்றில் நாங்கள் வைத்திருக்கும் ஹாம் வானொலிப் பெட்டி செவிடாகிப் போனது. பேசுவதும் கேட்பதும் ஒரே பெட்டிக்குள் நடக்கும் கருவி அது. நாங்கள் மூவர் சேர்ந்து செய்தது. மூவரில் உரிமம் பெற்றவர் ஒருவரே, ஆகையால் ஒலிவாங்கியைத் தொடும் உரிமையும் அவருக்கே. மற்ற இருவரும் ஈயம் வைப்பவர்கள், கேட்பவர்கள், குறை சொல்பவர்கள். அன்று மாலை 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வழக்கமாகக் கேட்கும் குரல்களில் ஒன்றுகூட இல்லை. காதுக்குழலில் மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது.

அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார். ஆனால் அந்த ஒன்பது நாட்களில் எங்களுக்குள் வலுப்பெற்ற ஒரு கருத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நம் நவீன உரைநடை பழுது பார்த்தலை எழுதவே இல்லை. நம் கதைகளில் மெக்கானிக்குகள் வருகிறார்கள். அவர்களுடைய எண்ணெய்க் கறை வருகிறது, வறுமை வருகிறது, பீடி வருகிறது. பழுதான ஒரு பொருளின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது மட்டும் வருவதில்லை. உழவையும் சமையலையும் சங்கீதத்தையும் உள்ளிருந்து எழுதத் தெரிந்த மொழி, இந்த ஒரு இடத்தில் வாசலிலேயே நின்றுவிட்டது.

எங்கள் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஹைதராபாதைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் ‘பிட்எக்ஸ்’ என்றொரு சுற்றை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி உலகுக்குக் கொடுத்தார். வெளிநாட்டுப் பெட்டி வாங்க வசதியற்ற இந்திய அமெச்சூர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இங்குள்ள கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிரான்சிஸ்டர்கள், கணினிப் பலகைகளில் பயன்படும் கிரிஸ்டல்கள், இவையே போதும். கம்பிச் சுருள் சுற்ற ஃபெரைட் வளையம் கிடைக்காத ஊர்களை நினைத்துத் தண்ணீர்க் குழாயின் வாஷரில் சுற்றிக் காட்டினார். அந்த வாஷரை நாங்கள் இலக்கியமாகவே மதிக்கிறோம். நாங்கள் செய்துகொண்டது அச்சுற்றின் ஒரு பிரதி. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களோடு 7 மெகாஹெர்ட்ஸுக்காகச் செய்தது. பொருள்களெல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் போய், பையில் பத்துப் பைசாப் பொருள்கள் நூறோடு திரும்பி வந்த சனிக்கிழமைகள் எங்கள் இளமையின் கணிசமான பகுதி.

அச்சுற்றின் அழகு, அது இருவழிச் சாலை என்பது. வருகிற அலையும் போகிற குரலும் ஒரே வடிகட்டி வழியாக, ஒரே கிரிஸ்டல் வரிசை வழியாக, எதிரெதிர்த் திசையில் செல்லும். பெருக்கிகள்கூட இருதிசைப் பெருக்கிகள். எந்தப் பக்கம் மின்சாரம் தருகிறோமோ அந்தப் பக்கம் வேலை செய்யும். இந்தச் செய்தி பின்னால் உதவப் போகிறது என்று முதல் மூன்று நாட்கள் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் இடியைச் சந்தேகித்தோம். முந்தைய இரவு நல்ல இடிமழை. ஆண்டெனாவைக் கழற்றி வைக்க மறந்திருந்தோம். ஐப்பசியில் இந்த மறதிக்கு மன்னிப்பு இல்லை. ஆண்டெனாவில் ஏறும் மின்னேற்றம் முதல் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிட்டிருக்கும் என்று முடிவு கட்டி, யோசிக்காமல் அதை மாற்றினோம். பயனில்லை. அடுத்ததையும் மாற்றினோம். பழுதை அறியாமல் உறுப்பை மாற்றுவது சூதாட்டம் என்று தெரிந்திருந்தும் இதைச் செய்தோம். மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்துவிட்டால் கை சும்மா இருப்பதில்லை.

நான்காம் நாள் குரோம்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனோம். வால்வு ரேடியோ காலத்திலிருந்து மெக்கானிக்காக இருந்தவர். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கை நடுக்கத்தால் இப்போது சால்ட்ரிங் அயர்ன் பிடிப்பதில்லை. நாங்கள் கதையை விரிவாகச் சொல்ல, பாதியில் நிறுத்தினார்.

“கேக்கவும் மாட்டேங்குது. பேசினா வெளிய போகவும் இல்ல. அப்படித்தானே தம்பி?”

“ஆமாங்க ஐயா. டம்மி லோடுல அளந்து பார்த்தோம். வழக்கமா இருபத்திரண்டு வோல்ட் வரும், இப்ப ரெண்டுதான்.”

“அப்ப ரெண்டும் சேந்து போற வழியப் பாருங்க. தனித்தனியா ரெண்டு பழுது ஒரே நாள்ல வராது.”

அவர் அந்தச் சுற்றுப்படத்தைப் பார்த்தவரில்லை. பிட்எக்ஸ் என்ற பெயரையே அன்றுதான் கேட்கிறார்.

டம்மி லோடு என்றால் ஆண்டெனாவுக்குப் பதிலாக வைக்கும் போலிச் சுமை. ஓராயிரம் ஓம் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாக வைத்தால் ஐம்பது ஓம் ஆகும். ஒரு டயோடைச் சேர்த்தால் சாதாரண மல்டிமீட்டரே அனுப்பும் திறனைச் சொல்லிவிடும். இருபத்திரண்டு வோல்ட் ஏறக்குறைய ஐந்து வாட். இரண்டு வோல்ட் என்பது ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. வீட்டில் பழுது பார்க்க முடியாது என்று நினைப்பவர்கள் அலைக்காட்டி, அலைவு எண்ணி என்று விலை உயர்ந்த கருவிகளைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்களிடம் இருந்த மிக உயர்ந்த பரிசோதனைக் கருவி ஒரு பழைய ஷார்ட்வேவ் ரேடியோ. பெட்டிக்குள் இருக்கும் அலையியற்றி உயிரோடு இருக்கிறதா என்று அறிய அதுவே போதுமானது. பன்னிரண்டிலிருந்து ஏழு புள்ளி ஒன்றைக் கழித்தால் நான்கு புள்ளி ஒன்பது. ரேடியோவை அருகில் வைத்து 4.9 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால், அலையியற்றி ஓடும் இடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். பெட்டியின் குமிழைத் திருகினால் அந்த அமைதியும் நகரும். பன்னிரண்டில் இன்னோர் அமைதி இருக்க வேண்டும்; அது நகராது. இரண்டும் இருந்தன. ஒலிப்பெருக்கியைச் சோதிக்க, வால்யூம் கட்டுப்பாட்டின் நடுக்காலில் திருப்புளியின் நுனியால் தொட்டோம். காதுக்குழலில் ‘ம்ம்’ என்று ஆரோக்கியமான முனகல் கேட்டது.

ஆக, மிச்சமிருந்தது நடுவழி மட்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியை ஒரு சிறு கண்டென்சர் வழியாக ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு ஆண்டெனாப் பக்கமாக நகர்ந்தோம். அலைவரிசை வடிகட்டிக்குப் பின்னால் தொட்டபோது தொலைவில் யாரோ வானிலை பேசிக்கொண்டிருப்பது முணுமுணுப்பாகக் கேட்டது. முன்னால் தொட்டபோது மௌனம். ஒரு வாரமாகத் தேடிய பழுது இப்போது மூன்று சுருள்களுக்கும் சில கண்டென்சர்களுக்கும் இடையில், இரண்டு விரற்கடைக்குள் வந்துவிட்டது.

அங்கேதான் மல்டிமீட்டர் எங்களை ஏமாற்றியது. மூன்று சுருள்களும் தொடர்ச்சியாக இருப்பதாகச் சத்தியம் செய்தது. இரண்டு நாட்கள் நம்பினோம். அதன் முனையை ஈயத்தின்மேல் அழுத்தும்போது, அந்த அழுத்தமே விட்டுப்போன இணைப்பைச் சேர்த்துவிடுகிறது என்பது பின்னால் விளங்கியது. அளக்கும் செயல் பழுதை மறைத்துவிட்டது. இறுதியில் உதவியது துடைப்பத்திலிருந்து உருவிய தென்னை ஈர்க்கு ஒன்று. பெட்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு சுருளாக ஈர்க்கால் மெல்லத் தட்டினோம். இரண்டாவது சுருளைத் தட்டியதும் கரகரவென்று ஊர் உலகமெல்லாம் உள்ளே வந்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த ஈயத்தின் நடுவில் கம்பியைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு கரிய வளையம் தெரிந்தது. சுருள் சுற்றும் செம்புக் கம்பிக்கு மேலே எனாமல் பூச்சு உண்டு. அதைச் சுரண்டிவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். அவசரத்தில் சரியாகச் சுரண்டாமல் விட்டிருக்கிறோம். எங்கோ ஓர் ஓரத்தில் பற்றிக்கொண்டு, சில ஆண்டுகள் தயவு பண்ணி வேலை செய்து, கடற்காற்றும் மழையீரமும் அந்த ஓரத்தையும் அரித்தபின் கைவிட்டிருக்கிறது. குற்றவாளி இடி இல்லை, எங்களில் ஒருவர். யார் என்பதில் இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

பட்டறைகளில் இதற்கு ‘டிரை சால்டர்’ என்று பெயர். பாடநூலில் தேடினால் தமிழ்ச் சொல் அகப்படவில்லை. மின்தேக்கி உண்டு, திரிதடையம் உண்டு, அலையியற்றி உண்டு. பொருள்களுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டோம். பொருள்கள் கெட்டுப்போகும் விதங்களுக்கு வைக்கவில்லை. கலைச்சொல் செய்தவர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆயினும் அவர்கள் கெட்டுப்போகாத ஓர் உலகத்துக்குச் சொல் செய்தார்கள் என்றே தோன்றுகிறது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலும் இல்லை. ஈயம் போன்ற இணைப்பு உலோகத்துக்குப் ‘பற்றாசு’ என்று அழகான பழஞ்சொல் அகராதியில் இருக்கிறது. பொற்கொல்லர்களின் சொல். பற்றாசும் வெங்காரமும் வைத்துக் குழலால் ஊதி நகையை இணைப்பவர்கள் அவர்கள். ‘பொடி வைத்துப் பேசுவது’ என்னும் வழக்கே அந்தப் பட்டறையிலிருந்து வந்ததென்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் வந்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். அவர் முதலில் செய்தது பாத்திரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான். சுரண்டாத இடத்தில் ஈயம் பற்றாது என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன.

அதற்காக நாளை முதல் ரிச்சி தெருவில் பற்றாசு கேட்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கேட்டால் கிடைக்கப்போவதுமில்லை. கண்டென்சர் என்று மெக்கானிக் சொன்னால் கண்டென்சர் என்றே எழுதலாம். நாங்கள் வேண்டுவது சொல்லன்று, வாக்கியம். “இது இருந்து அது இல்லையென்றால், பழுது இன்ன இடத்தில்” என்று படிப்படியாக ஒருவன் நினைப்பதை அப்படியே தாங்கி நடக்கும் தமிழ் வாக்கியம். குரோம்பேட்டைப் பெரியவர் அதை ஒரே வரியில் சொன்னார். அவ்வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

குரோம்பேட்டை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் சுஜாதா மின்னணுவியல் படித்தார். பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தார். அறிவியலைத் துள்ளலான தமிழில் சொல்ல முடியும் என்று ஒரு தலைமுறைக்கே காட்டியவர் அவர். அவருக்கு முன்னால் பெ.நா. அப்புசாமி நிதானமான நடையில் அதைச் செய்தார். ஆனால் இருவர் வழியிலும் வந்தவர்கள், இது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் விளக்கினார்கள். வேலை செய்யாதபோது என்ன செய்வது என்பது மெக்கானிக்கின் காரியம் என்று விட்டுவிட்டோம். மெக்கானிக்குக்கோ எழுத நேரமில்லை, கேட்பாரும் இல்லை.

இது வெறும் மொழிக் கவலையாக எங்களுக்குப் படாததற்குக் காரணம் 2015 டிசம்பர். டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றன. மின்சாரம் போயிற்று, செல்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மாடிகளில் நின்றவர்களின் நிலையை வெளியே சொல்ல வழியில்லாத மணிநேரங்கள் இருந்தன. அப்போது ஹாம்கள் சிலர் தம் சிறு பெட்டிகளோடு செய்தி கடத்த முன்வந்தனர். 2004 சுனாமியன்று, பாரதி பிரசாத்தின் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்திருந்ததால் அந்தமானின் செய்தி வெளியே வந்தது. ஓராண்டு கழித்து, 2016இல் வர்தா புயலடித்தபோதும் இதே தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. (அந்த இருட்டில் எங்கள் பெட்டியில் கேட்டதுபோல் என்றுமே கேட்டதில்லை. மின்ரயில் பாதையின் பொறியும், அக்கம்பக்கத்து மலிவு சார்ஜர்களின் இரைச்சலும் ஒருசேர அடங்கி, வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இதைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.)

அப்படிப்பட்ட இரவில் பெட்டி கெட்டுப்போனால் கூரியரில் அனுப்ப முடியாது. இடுப்பளவு நீரில் ரிச்சி தெருவுக்குப் போக முடியாது. மேசையில் இருப்பதைக் கொண்டு அங்கேயே சரிசெய்யத் தெரிந்தால் மட்டுமே அது வானொலி. இல்லையென்றால் காகிதம் பறக்காமல் மேலே வைக்கலாம்.

இந்நகரில் வானொலியே அப்படித்தான் தொடங்கியது. 1924இல் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை அமைத்தார். 40 வாட் ஒலிபரப்பியோடு அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமுடையால் 1927இல் நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரலில் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலி இங்கே வந்தது 1938இல்தான். அரசுக்கு முன்னால் ஆர்வலர்கள் வந்தார்கள். அந்தக் கருவி கெட்டுப்போன மாலைகளில் என்ன செய்தார்கள், யார் சரிசெய்தார்கள் என்று படிக்க ஆசையாக இருக்கிறது. சங்கம் தொடங்கிய தேதி எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. சால்ட்ரிங் அயர்னைப் பிடித்தவர் எதிலும் இல்லை.

எங்களுக்கு வரும் மறுப்பை நாங்கள் அறிவோம். சீனத்துக் கைச்செட்டு மலிவாகக் கிடைக்கிறது. கெட்டால் வேறு வாங்குவதை விட்டு ஒன்பது நாட்களை ஏன் வீணாக்க வேண்டும் என்பார்கள். மேலும், இன்றைய உறுப்புகள் கடுகினும் சிறியவை. பலகை அடுக்கடுக்காகச் செய்யப்படுகிறது. வீட்டு மேசையில் அதை என்ன செய்ய முடியும் என்பார்கள். இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. கண் மங்கத் தொடங்கிய எங்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் சிறிதாக இருப்பது வேறு, திறக்கவிடாமல் ஒட்டி வைப்பது வேறு. சுற்றுப்படத்தைத் தர மறுப்பது இன்னும் வேறு. முன்பெல்லாம் வால்வு ரேடியோவின் பின்னட்டையிலேயே சுற்றுப்படம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். என்றாவது கெடும், யாராவது சரிசெய்வார் என்று செய்தவரே ஒப்புக்கொண்ட காலம் அது. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். உரிமை வந்தாலும், கையேடு ஆங்கிலத்தில் இருக்கும்வரை அம்பத்தூரிலோ ஆலந்தூரிலோ கடை வைத்திருக்கும் பையனுக்கு அது பாதி உரிமை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இலக்கிய நண்பர்களுக்கே. மொழிபெயர்ப்புக் கையேடு எழுதச் சொல்லவில்லை. அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். உங்கள் தெருவில் மிக்ஸி சரிசெய்பவர், தையல் இயந்திரம் பார்ப்பவர், ஹார்மோனியத்துக்கு ரீட் போடுபவர் இருப்பார். அவர் எதிரில் அரை நாள் உட்காருங்கள். அவர் வறுமையைப் பற்றி எழுதுமுன், அவர் முதலில் எதைத் தொட்டார், ஏன் தொட்டார், எதைக் கேட்டுத் தலையை அசைத்தார் என்று எழுதுங்கள். அவர் தவறாக நினைத்து மீண்டதையும் எழுதுங்கள். அதில் கதை இருக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை. அது எழுதப்படாமல் போனால் எவ்வளவு போகும் என்று மட்டும் தெரியும். குரோம்பேட்டைப் பெரியவரிடம், ஐம்பதாண்டு அனுபவத்தை ஏன் ஐயா ஒரு நோட்டில்கூடக் குறித்து வைக்கவில்லை என்று கேட்டோம். “இதுல எழுத என்ன இருக்கு தம்பி?” என்றார். அடக்கத்தால் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. இதில் எழுத ஏதோ இருக்கிறது என்று அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை.

நாங்கள் செய்தது சிறியது. ஒரு நாற்பது பக்க நோட்டில், இந்தப் பழுதை நாள்வாரியாக, தமிழில், செய்த முட்டாள்தனங்களோடு எழுதினோம். கடைசிப் பக்கத்தில் அடுத்தமுறை செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் குறித்தோம். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய் உரக்கப் படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஈர்க்குச்சி வந்த இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தின் நாலாவது வரியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ஈயம் வைக்கவும்னு போட்டிருக்கீங்க. அதுக்கு முன்னால சொரண்டணும்னு போடலியே.”

பேனா கேட்டு வாங்கி, அந்த வரிக்கு மேலே எழுதிச் சேர்த்தோம்.